உறங்கத் தெரிந்த காவலர்கள்

காவல் என்றதும் விழிப்பையே நினைப்பது நம் மொழி வழக்கம். கண் துஞ்சாமல், இமை கொட்டாமல், விடிய விடிய என்று நாம் அடுக்கும் தொடர்கள் யாவும் காவலன் உறங்கலாகாது என்பதையே வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. நடைமுறை வேறு. நெடுங்காவல் நடத்திய சமூகங்கள் இரவை யாமங்களாகப் பகுத்து முறைவைத்தே காத்திருக்கின்றன. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு, வேந்தனின் பாசறையை விவரிக்கும்போது காவலர்களைக் காட்டுவதோடு நிற்பதில்லை. நீர்க்கடிகையைக் கொண்டு பொழுதளந்து சொல்லும் நாழிகைக் கணக்கரையும் அதே பாசறைக்குள் காட்டுகிறது. காவலும் காலக்கணக்கும் அருகருகே இருப்பதில் ஒரு பொருத்தம் உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருவன் உறங்கப் போகும் வேளையில் மற்றொருவன் எழ வேண்டுமென்றால் இருவருக்கும் பொதுவான ஒரு பொழுது வேண்டும்.

இலக்கியம் பேசும் பக்கத்தில் கருவிகளின் கதை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்லப்போவது ஒரு காவலின் வரலாறுதான். காட்டிலும் தீவிலும் மலைச்சரிவிலும் ஆளில்லாமல் விடப்பட்ட சிறுசிறு கருவிகள், தம்மைச் சுற்றி நடப்பதை உணர்ந்து, வானொலி அலைவழியே ஒன்றுக்கொன்று சொல்லி, கடைசியில் மனிதக் காதுக்குச் செய்தியைக் கொண்டு சேர்க்கின்றன. ஆங்கிலத்தில் சென்சார் எனப்படும் இவற்றை உணரிகள் என்றும், இவை சேர்ந்த அமைப்பைக் கம்பியில்லா உணரி வலைப்பின்னல் என்றும் தமிழில் வழங்குகிறோம். இந்த வலைப்பின்னலுக்கு மூன்று கவலைகள். காக்க வேண்டிய நிலத்தில் எந்த இடமும் ஏதேனும் ஓர் உணரியின் பார்வைக்குத் தப்பக்கூடாது. இதைக் கண்காணிப்பு என்போம். கண்டதைச் சொல்ல வழி அறுபடக்கூடாது. இதை இணைப்பு என்போம். மூன்றாவது, இவை இரண்டையும் கையளவு பேட்டரியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் செய்ய வேண்டும். முதல் இரண்டு ஆசைகளையும் மூன்றாவது ஓயாமல் அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அரிப்பை எதிர்த்து நடந்த சிந்தனையே இந்த வரலாறு.

லாவோஸ் காட்டில் தொங்கிய காதுகள்

1950களில் அமெரிக்கக் கடற்படை, சோவியத் நீர்மூழ்கிகளின் ஓசையைக் கேட்பதற்காக அட்லாண்டிக்கின் அடியில் ஒலிவாங்கிகளை வரிசையாகப் பதித்தது. ஸோஸஸ் என்று அதற்குப் பெயர். அந்த ஒலிவாங்கிகள் கரையோடு கம்பிவடத்தால் பிணைக்கப்பட்டிருந்தன. கேட்டது அவ்வழியே கரைக்குப் போனது. வேண்டிய மின்சாரமும் கரையிலிருந்தே வந்தது. ஆகவே அவை உறங்க வேண்டிய தேவையே எழவில்லை. தாயின் தொப்புள்கொடி அறாத பிள்ளைக்குப் பசி தெரியாது.

பசி தெரிந்த முதல் பெரிய அமைப்பு வியட்நாம் போரில் உருவானது. வட வியட்நாமிலிருந்து லாவோஸ் காடுகளின் வழியாகத் தெற்கே ஆளும் ஆயுதமும் சென்ற பாதைகளின் தொகுதியை ஹோ சி மின் தடம் என்று அழைத்தார்கள். குண்டுவீச்சால் அதை அடைக்க முடியவில்லை. 1966ஆம் ஆண்டு கோடையில், ஜேஸன் என்ற அறிவியலாளர் குழு, மின்னணுக் கருவிகளைக் கொண்டு ஒரு தடுப்பு அமைக்கலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாராவிடம் யோசனை சொன்னது. அதிலிருந்து பிறந்த திட்டம் பின்னாளில் இக்லூ ஒயிட் என்ற பெயரால் அறியப்பட்டது.

விமானங்களிலிருந்து உணரிகள் வீசப்பட்டன. கடற்படை நீர்மூழ்கிகளைத் தேடப் பயன்படுத்திய மிதவைக் கருவிகளைத் திருத்திச் செய்த சில, பாராசூட்டோடு மரக்கிளைகளில் சிக்கித் தொங்கி லாரிகளின் ஓசையைக் கேட்டன. வேறு சில ஈட்டிபோல் மண்ணில் இறங்கி நில அதிர்வை உணர்ந்தன. வெளியே தெரியும் அவற்றின் ஆன்டெனா காட்டுச்செடியைப் போல உருவமைக்கப்பட்டிருந்தது. மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த விமானம் அவற்றின் சமிக்ஞைகளை வாங்கித் தாய்லாந்தின் நகோன் பனோம் நகரிலிருந்த மையத்துக்கு அனுப்பியது. அங்கே ஐ.பி.எம். கணினிகள் அவற்றைத் தொகுக்க, எங்கே குண்டு போடுவது என்று முடிவானது.

நம் மூன்று கவலைகளை இந்த அமைப்பின்மேல் வைத்துப் பார்ப்போம். கண்காணிப்பு, விமானியின் கைவாக்கைப் பொறுத்தது. விழுந்த இடமே காவல் நிலையம். எந்த இடைவெளி காவலின்றிக் கிடக்கிறது என்பதைக் கணித்துச் சொல்லும் கோட்பாடு அப்போது இல்லை. இணைப்போ, பெட்ரோலில் ஓடியது. அந்த உணரிகள் தம்முள் பேசிக்கொள்ளத் தெரியாதவை. ஒவ்வொன்றும் தலைக்குமேல் உள்ள விமானத்தோடு மட்டுமே பேசும். விமானம் இல்லாத நேரத்தில் காடு முழுவதும் காது இருந்தும் அவை கேட்டதை வாங்க ஆளில்லை. ஆயுளோ வாரக்கணக்கில்தான். பேட்டரி தீர்ந்தால் மீண்டும் எதிரியின் சுடுகுழல்களுக்கு மேலே பறந்து புதிதாக வீச வேண்டும். இந்த நெருக்கடியில்தான் நம் கதைக்கு முக்கியமான ஒரு திருத்தம் வந்தது. மேலிருந்து கட்டளை வந்தால் மட்டுமே ஒலியைக் கேட்டு அனுப்பும் ஒலிவாங்கிகள் புழக்கத்துக்கு வந்தன. காவல் கருவி ஓய்ந்திருக்கக் கற்றுக்கொண்ட தொடக்கப் பாடங்களில் ஒன்று அது.

1973இன் தொடக்கத்தில் திட்டம் முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் வசந்தத்திலேயே வட வியட்நாம் டாங்கிகளோடு பெருந்தாக்குதல் தொடுத்திருந்தது. தடம் அடைபடவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. 1964 முதல் 1973 வரை லாவோஸ்மீது வீசப்பட்ட குண்டுகளின் எடை 20 லட்சம் டன்னுக்கும் மேல். அவற்றில் வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கியவை போர் முடிந்து பல பத்தாண்டுகள் சென்ற பின்னும் உழவர்களையும் பிள்ளைகளையும் கொன்றன. கண்காணிப்பு என்ற சொல்லை அறிவியல் மேற்கொள்ளும்போது, அதன் பிறப்பிடத்தில் இந்த மண்ணும் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வட்டங்களின் கணக்கு

போர்க்களத்துக்கு வெளியே, உணரிகளை அறியாத கணிதர்கள் இதே கேள்விகளை வேறு வடிவில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓர் உணரியின் பார்வை எல்லா திசையிலும் ஒரே தூரம் எட்டும் என்று வைத்துக்கொண்டால் அதன் ஆட்சி ஒரு வட்டம். பரந்த நிலம் ஒன்றை ஒரே அளவான வட்டங்களால் இடைவெளியின்றி மூட வேண்டும். மிகக் குறைந்த வட்டங்கள் எத்தனை? 1939இல் ரிச்சர்ட் கெர்ஷ்னர் என்ற அமெரிக்கக் கணிதர் இதற்கு விடை கண்டார். ஒவ்வொரு வட்டத்தையும் ஆறு வட்டங்கள் சூழ, தேனடையின் அறைகளைப் போல வரிசைப்படுத்துவதே சிக்கனமான வழி. அப்படிச் செய்தாலும் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிந்தே தீரும். நிலத்தின் பரப்பு 100 என்றால் வட்டங்களின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 121 ஆக இருக்க வேண்டும். எத்தனை கெட்டிக்காரத்தனமாக நிறுத்தினாலும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான உழைப்பு இரட்டிப்பாகவே செலவாகும் என்பது இதன் பொருள்.

காட்டில் வீசப்படும் கருவிகள் தேனடை வரிசையில் விழுவதில்லை. தாறுமாறாகச் சிதறியவற்றின் இணைப்பைப் பற்றி 1961இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எட்கர் கில்பர்ட் யோசித்தார். சமவெளியில் வானொலி நிலையங்கள் கண்டபடி இறைந்து கிடக்கின்றன. குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் இரண்டு நிலையங்கள் பேசிக்கொள்ள முடியும். செய்தி கைமாறிக் கைமாறி எவ்வளவு தூரம் போகும்? அவர் காட்டிய வழியில் பின்வந்தவர்கள் கணித்தபோது வியப்பான ஓர் எல்லைக்கோடு தெளிந்தது. ஒரு நிலையத்துக்குச் சராசரியாக 4.5 அண்டை நிலையங்களுக்குக் குறைவாக இருந்தால் செய்தி சிறுசிறு தீவுகளுக்குள் முடங்கிவிடும். அந்த எண்ணிக்கையைத் தாண்டிய மாத்திரத்தில் முடிவின்றிப் பரவும் பெரும் வலை ஒன்று உருவாகிவிடும். தனித்தனிச் சுவராகக் கிடந்த மக்கள் ஒரு புள்ளியில் ஊராவது போன்ற மாற்றம் இது. ஆயினும் அந்தப் பெருவலைக்கு வெளியே விடுபட்டுப்போகும் நிலையங்கள் இருந்துகொண்டேதான் இருக்கும். ஒன்றுகூட விடுபடாமல் இணைய வேண்டுமானால் எண்ணிக்கை பெருகப் பெருக அண்டையரும் பெருகியாக வேண்டும் என்பதைப் பின்னர் 1998இல் பியூஷ் குப்தாவும் பி.ஆர். குமாரும் நிறுவினர்.

கண்காணிப்பின் தரத்தைத் திருடனின் பக்கமிருந்து அளக்கும் முறை ஒன்றும் 2001இல் வந்தது. மெகர்டிச்சியன், கௌஷன்ஃபர், பொட்கொன்யாக், ஸ்ரீவஸ்தவா ஆகியோர் எழுதிய கட்டுரை, நிலத்தைக் கடக்க நினைப்பவன் எல்லா உணரிகளிடமிருந்தும் இயன்றவரை விலகிச் செல்லும் பாதை எது என்று கேட்டது. இரண்டு காவலர்களுக்கு நட்டநடுவில் செல்லும் கோடுகளை மட்டும் வரைந்தால் நிலம் பல அறைகளாகப் பிரியும். வொரோனாய் வரைபடம் என்று கணிதத்தில் வழங்குவது இதுவே. அந்தக் கோடுகளின்மேல் நடப்பதே கள்ளனுக்கு நல்லது. அவன் பாதையைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த உணரியை எங்கே நட வேண்டும் என்பது காவலனுக்குத் தெரிந்துவிடும். களவு நூல் கற்றவனே நல்ல காவலனாவான் என்ற பழைய நம்பிக்கைக்கு இது கணித உருவம்.

தீவில் இரண்டு பேட்டரிகள்

1990களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிரிஸ் பிஸ்டர் முதலானோர் 'அறிவுத் தூசி' என்று ஒரு கனவைக் கண்டனர். உணர்தல், கணித்தல், பேசுதல் மூன்றையும் சில மில்லிமீட்டர் அளவுக்குள் அடக்கிவிடும் ஆசை அது. இதற்கும் பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவ ஆய்வு நிறுவனமான டார்ப்பாவே. 2001 மார்ச்சில் கலிபோர்னியாவின் ட்வென்டிநைன் பாம்ஸ் பாலைவனத் தளத்தில், ஆளில்லாச் சிறு விமானம் சில உணரிகளைச் சாலையோரம் உதிர்க்க, அவை தம்முள் பொழுதை ஒத்திசைத்துக்கொண்டு கடந்துசென்ற வண்டிகளைக் குறித்துவைத்தன. லாவோஸ் காட்டில் நடந்ததன் மறுபிறப்பு என்றே சொல்லலாம். ஆனால் இம்முறை கருவிகள் தம்முள் பேசின.

அடுத்த ஆண்டு அதே பெர்க்லிக் கருவிகள் முற்றிலும் வேறான ஒரு காவலுக்குப் போயின. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் கிரேட் டக் என்றொரு சிறு தீவு. அங்கே லீச் புயற்பறவை என்னும் கடற்பறவை மண்ணில் வளை தோண்டிக் கூடு வைக்கிறது. அடைகாக்கும் முதல் இரண்டு வாரங்களில் மனிதர் கைபட்டால் அது வளையையே கைவிட்டுப் போய்விடக்கூடும். பார்க்கச் செல்வதே அழிவாகும் இடத்தில் பார்ப்பது எப்படி? 2002 ஜூலையில் பெர்க்லி இன்டெல் ஆய்வுக்கூடமும் அட்லாண்டிக் கல்லூரியும் சேர்ந்து 32 உணரிகளை அத்தீவில் வைத்தன. வளைக்குள்ளும் வெளியிலும் வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், ஒளி ஆகியவற்றை அவை அளந்தன. சூரிய மின்சாரத்தில் இயங்கிய தள நிலையம் ஒன்று, செயற்கைக்கோள் வழியாக அந்த அளவுகளை இணையத்துக்கு அனுப்பியது.

ஒவ்வொரு உணரிக்கும் கொடுக்கப்பட்டது, நம் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தில் போடுவதைப் போன்ற இரண்டு பேட்டரிகள். அதில் பயன்படுத்தத்தக்க மின்னூட்டம் 2,200 மில்லி ஆம்பியர் மணி என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். கூடுகட்டும் பருவத்தை முழுதும் காண 9 மாதம் தேவை. 2,200ஐ 270 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்குக் கிடைப்பது 8 மில்லி ஆம்பியர் மணிக்குச் சற்று மேல். கருவி விழித்துக் காது கொடுத்திருக்க 10 மில்லி ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் படியரிசி 50 நிமிடத்துக்குக்கூடக் காணாது. மிச்சமுள்ள 23 மணி நேரத்துக்கும் மேல் உறங்கியே ஆக வேண்டும். உறங்க மறுத்தால் 220 மணி நேரத்தில், அதாவது 9 நாளில், காவலன் செத்துவிடுவான். விழிப்பை மட்டுமே கடமை என்று கொண்ட காவலன், குஞ்சு பொரிக்கும் முன்னமே கடமை தவறியவனாகிறான்.

உறக்கத்தின் இலக்கணம்

யார் உறங்குவது, எப்போது எழுவது, எழுந்தவனுக்கு யார் தகவல் சொல்வது என்ற விதிகளை வகுப்பதே 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளின் பெரும்பணியாக இருந்தது. அதைப் புரிந்துகொள்ள இயற்கையின் ஒரு விதியை அறிந்தால் போதும். வானொலியில் ஒரு செய்தியை அனுப்ப ஆகும் ஆற்றல் தூரத்தோடு நேராகக் கூடுவதில்லை. தூரம் இரண்டு மடங்கானால் செலவு நான்கு மடங்காகும். தரையை ஒட்டிய அலைக்கு அது பதினாறு மடங்குவரை ஏறக்கூடும். ஆகவே உரக்கக் கத்துவதைவிடப் பக்கத்து ஆளிடம் மெல்லச் சொல்லிக் கடத்துவது மலிவு. அதைவிட மலிவு, சொல்வதற்கு முன் யோசிப்பது. ஒரு சிறு செய்தியை 100 மீட்டர் தள்ளி அனுப்பும் செலவில் ஒரு செயலி பல லட்சம் கணக்குகளைப் போட்டுவிடும். பார்த்ததையெல்லாம் அனுப்பாமல் சுருக்கி அனுப்பு என்பது இதிலிருந்து பிறந்த முதல் விதி.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வெண்டி ஹைன்ஸெல்மன், அனந்த சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் 'லீச்' என்ற நெறிமுறையை முன்வைத்தனர். சந்திரகாசன் சென்னையில் பிறந்தவர். பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். தீவுப் பறவையின் பெயருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. பறவைக்குப் பெயர் தந்தது ஒரு விலங்கியல் அறிஞர். நெறிமுறைக்குப் பெயர் தந்தவை சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். அதன் உள்ளடக்கமோ ஊர்வழக்கு அறிந்தவர்க்கு எளிதில் விளங்கும். உணரிகள் சிறு குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொன்றும் ஒரு தலைவனிடம் செய்தி சொல்லும். தலைவன் அவற்றைத் தொகுத்துத் தொலைவிலுள்ள தளத்துக்கு அனுப்புவான். தொலைவில் பேசுவதால் அவன் பேட்டரி விரைவில் தீரும். ஆகவே தலைமை ஒருவரிடமே தங்காமல் சுற்றிவர வேண்டும். 100 உணரிகள் கொண்ட அவர்களது மாதிரியில் ஒரு நேரத்தில் 5 பேர்வரை தலைவராக இருப்பது சிக்கனமாக அமைந்தது. பொறுப்பு என்பது தேய்மானம். தேய்மானத்தைப் பகிர்ந்தால் ஊர் வாழும் என்பதே அதன் சாரம்.

அடுத்த ஆண்டில் பாலகிருஷ்ணன் உள்ளிட்ட நால்வர் ஸ்பான் என்ற முறையைக் கொண்டுவந்தனர். தன் அண்டையர் இருவர் தன்னைத் தவிர வேறு வழியில் பேசிக்கொள்ள முடியுமா என்று ஒவ்வொரு கருவியும் பார்க்கும். முடியும் என்றால் உறங்கும். முடியாது என்றால் எழுந்து இடைநின்று செய்தி கடத்தும். இது இணைப்பைக் காக்கும் உறக்கம். கண்காணிப்பைக் காக்கும் உறக்கத்துக்கு ஸ்லியெப்செவிச்சும் பொட்கொன்யாக்கும் அதே 2001இல் ஒரு வழி சொன்னார்கள். ஒரு நிலத்தைக் காக்க 100 உணரிகள் போதும். நம்மிடம் 300 இருக்கின்றன. முந்நூற்றையும் ஒரேசமயம் விழிக்கவைப்பதற்குப் பதில், ஒவ்வொன்றும் தனித்தே நிலம் முழுவதையும் மூடும்படியான மூன்று அணிகளாகப் பிரித்து முறைவைத்தால் ஆயுள் ஏறக்குறைய மூன்று மடங்காகும். கேட்க எளிது. தாறுமாறாக விழுந்த உணரிகளை அதிகபட்சம் எத்தனை அணிகளாக்கலாம் என்று துல்லியமாகக் காண்பதோ, எண்ணிக்கை பெருகும்போது கணினியும் திணறிப்போகும் வகையைச் சேர்ந்த கணக்கு. தோராயமான நல்ல விடையோடு நிறைவடைய வேண்டியிருந்தது.

2002இல் வெய் யீ, ஜான் ஹைடமன், டெபோரா எஸ்ட்ரின் மூவரும் வானொலிச் செலவு எங்கே ஒழுகிப்போகிறது என்று ஆராய்ந்தனர். இருவர் ஒரேநேரத்தில் பேசி இருவர் பேச்சும் வீணாவது, பிறருக்கான பேச்சைத் தான் கேட்பது, பேசுவதற்கு முன்னான உபசாரச் செய்திகள், யாரும் பேசாதபோதும் பேசக்கூடும் என்று காத்திருப்பது ஆகிய நான்கு ஓட்டைகளை அவர்கள் எண்ணிக் காட்டினர். கடைசி ஓட்டை பெரியது. மௌனத்துக்குக் காது கொடுப்பதும் பேச்சைக் கேட்பதற்கு ஈடான செலவுதான். ஆகவே அண்டையர் எல்லோரும் ஒன்றாக உறங்கி ஒன்றாக எழும்படி அவர்கள் ஏற்பாடு செய்தனர். அதற்குப் பொதுவான பொழுது வேண்டும். மலிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று விலகிக்கொண்டே போகும் தன்மையுடையவை. அவற்றைத் திருப்பித் திருப்பி ஒத்திசைக்கும் முறைகளை எஸ்ட்ரினின் குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்டனர். நாழிகைக் கணக்கர் மீண்டும் பாசறைக்குள் வந்து சேர்ந்தார்.

கண்ணும் குரலும்

இவ்வளவு நாள் கண்காணிப்பைப் பேசியவர்கள் ஒரு பக்கமும் இணைப்பைப் பேசியவர்கள் ஒரு பக்கமுமாக இருந்தனர். 2003இல் ஷியாவ்ருயி வாங், கோலியாங் ஷிங் முதலானோர் இரண்டையும் ஒரே கேள்வியாக்கினர். ஹோங்ஹாய் ஜாங், ஜெனிஃபர் ஹோவ் இருவரும் தனியே அதே முடிவை எட்டினர். முடிவு எளிமையின் அழகுடையது. குரல் எட்டும் தூரம் கண் எட்டும் தூரத்தைப்போல் இருமடங்கோ அதற்கு மேலோ இருந்தால், நிலம் முழுவதும் கண்காணிப்பில் இருப்பதே போதும். இணைப்பு தானே வந்துவிடும்.

ஏன் என்று பார்ப்போம். கண் 10 மீட்டர் எட்டும், குரல் 20 மீட்டர் எட்டும் என்று கொள்வோம். இடைவெளியின்றி மூடப்பட்ட நிலத்தில் ஓர் உணரியின் வட்டத்தைத் தாண்டி அடுத்த வட்டத்துக்குள் காலெடுத்து வைக்கும் புள்ளியில் இரண்டு வட்டங்களும் தொட்டுக்கொண்டாக வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து இரு உணரிகளும் 10 மீட்டருக்குள் உள்ளன. எனவே அவற்றிடையே தூரம் 20 மீட்டரைத் தாண்டாது, குரல் எட்டிவிடும். இப்படியே வட்டம் வட்டமாக நடந்து எந்த மூலைக்கும் செய்தியோடு போகலாம். மறுதலை உண்மையாகாது. ஒரு மூலையில் நெருக்கியடித்து நிற்பவர்கள் தம்முள் நன்றாகவே பேசிக்கொள்வார்கள். வயலின் மறுகோடியில் மாடு மேய்ந்தால் அவர்களுக்குத் தெரியாது. குரல் இருமடங்குக்குக் குறைந்த இடங்களில் என்ன செய்வது? வாங் குழுவினர் தம் கண்காணிப்பு விதியோடு முன்சொன்ன ஸ்பான் விதியையும் சேர்த்துக்கொண்டனர். பார்க்கத் தேவையில்லாத ஒருவன், பேச்சைக் கடத்துவதற்காகவே விழித்திருக்க நேரும்.

இந்த நியாயமான ஏற்பாட்டுக்குள்ளும் ஓர் அநீதி மிஞ்சியது. தளத்தை நடுவில் வைத்து மூன்று வளையங்களாக உணரிகள் சூழ்ந்திருப்பதாகக் கற்பனை செய்வோம். ஒவ்வொரு வளையத்தின் அகலமும் சமம். அப்படியென்றால் அவற்றின் பரப்பு 1, 3, 5 என்ற விகிதத்தில் அமையும். உணரிகளும் அதே விகிதத்தில் இருக்கும். ஒவ்வொருவரும் ஒரு செய்தி அனுப்ப, வெளிவளையத்தின் செய்திகள் நடுவளையம் வழியாகவும், அவை யாவும் உள்வளையம் வழியாகவும் செல்ல வேண்டும். வெளியில் இருப்பவன் 1 செய்தி அனுப்பும் நேரத்தில் உள்வளையத்துக்காரன் 9 செய்திகளை அனுப்புகிறான். அவற்றில் அவனுடையது ஒன்றே ஒன்று. ஆகவே அவனே முதலில் சாகிறான். உள்வளையம் அழிந்ததும் வெளியே பேட்டரி நிறைய வைத்துக்கொண்டு விழித்திருப்பவர்கள் எல்லோரும் ஊமையாகிறார்கள். ஆற்றல் துளை என்று துறை அறிஞர்கள் பெயரிட்ட நிலை இது. உள்வளையத்தில் அதிக உணரிகளை நடுவது, தளத்தையே இடம்பெயரச் செய்வது எனப் பல மாற்றுகள் முன்மொழியப்பட்டன. அரண்மனைக்கு அருகில் இருப்பவனுக்கே சுமை அதிகம் என்ற நிலைமையை அவை தணித்தனவே தவிர, முற்றாக நீக்கிவிடவில்லை.

மலைச்சரிவில்

வரலாற்றின் கடைசிப் பக்கத்துக்கு நாம் மூணாறு போக வேண்டும். 2005இல் மண்சரிவு கண்ட அந்தோணியார் காலனி என்ற குடியிருப்பில், கேரளத்தின் அமிர்தா பல்கலைக்கழகத்தினர் 2008, 2009 வாக்கில் ஓர் உணரி வலைப்பின்னலை அமைத்தனர். மழையளவையும், மண்ணுக்குள் ஊறிய நீரின் அழுத்தத்தையும், சரிவின் சாய்வையும் அது அளந்தது. துளையிட்டு ஆழத்தில் இறக்கிய உணரிகளின் செய்திகள் மலையிலிருந்து செயற்கைக்கோள் வழியே கொல்லம் அருகிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்குச் சென்றன. இங்கும் உறக்கத்தின் இலக்கணமே ஆட்சி செய்தது. வறண்ட நாட்களில் உணரிகள் அருகியே எழுந்து அளவெடுக்கும். மழை வலுக்க வலுக்க அடிக்கடி எழும். ஆபத்து இல்லாத காலத்தில் சேமித்த விழிப்பை ஆபத்துக் காலத்தில் செலவிடும் முறை இது.

லாவோஸில் மண்ணதிர்வைக் கேட்ட கருவியின் வழித்தோன்றல், மனிதரைக் காக்கவே மண்ணைக் கேட்க வந்துவிட்டது. இந்த இடத்தில் கதையை முடித்தால் வாசகருக்கு நிறைவாக இருக்கும். நடந்தது அதோடு முடியவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டனர். அவர்களுள் 4 பேரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கயத்தாறுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் பல. தொடர்மழையில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தன. இரவு 11 மணி அளவில் நடந்தது வெளியுலகுக்குத் தெரிந்தபோது மறுநாள் விடிந்துவிட்டது.

அந்த இரவில் பெட்டிமுடியில் கண்கள் இல்லாமல் இல்லை. உயிர் தப்பியவர்கள் கண்டார்கள், கேட்டார்கள், கதறினார்கள். குரல் எட்டும் தூரம்தான் கண் எட்டும் தூரத்துக்கும் குறைவாகிப் போயிருந்தது. கணித நூலில் இருமடங்கு என்று ஒரு வரியில் எழுதப்படும் நிபந்தனை, மலையில் ஒரு தொலைபேசிக் கோபுரமாகவும் அதற்கு மின்சாரம் தரும் ஏற்பாடாகவும் நிற்க வேண்டியிருக்கிறது. மழை வலுக்கும்போது உணரிகளை அடிக்கடி எழுப்பத் தெரிந்துகொண்டோம். அதே மழையில் அவை சொல்லும் செய்தியைச் சுமக்கும் கடைசிக் கோபுரம் முதலில் விழுமானால், உள்வளையம் அழிந்த வலைப்பின்னலின் கதைதான் அது.

ஐம்பது ஆண்டு ஆய்வு, ஒரு காவலனை எவ்வளவு நேரம் உறங்கவைக்கலாம் என்பதை நுணுக்கமாகக் கணக்கிட்டுத் தந்திருக்கிறது. அவன் எழுந்து சொல்லும் வார்த்தை கடந்துவர வேண்டிய கடைசிச் சில கிலோமீட்டரைச் செப்பனிடுவது கணிதரின் வேலையாக மட்டும் இருக்க முடியாது. லயங்களில் வாழ்பவர்களுக்கு எத்தனை உணரிகள் வேண்டும் என்று கேட்கும் ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும், மழைக்கால இரவில் அங்கே ஒரு தொலைபேசி மணி அடிக்குமா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.